ஆறு மணிக்கு மேல்: ஓர் அறிவிப்பைப் பழுது பார்த்த பதிவு

சென்ற மார்கழியில் ஒரு விடிகாலை, எங்கள் கரையில் இரண்டு வள்ளங்கள் ஆறு மணி ஆகட்டும் என்று காத்திருந்து, ஆறு தாண்டியதும் கடலுக்குப் போயின. கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தின இரவு ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். அவர்கள் என் அறிவிப்பை மீறிப் போகவில்லை. காது கொடுத்துக் கேட்டு, கேட்டபடியே நடந்தார்கள். அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

இரண்டு வள்ளமும் கரை திரும்பிவிட்டன. ஒரு வலை போயிற்று, ஒரு தம்பிக்குத் தோளில் நல்ல அடி. அவனைப் பார்க்கப் போனபோது, "ஆறு மணிக்கு மேலதான் போகணும்னு சொன்னீகளேண்ணே" என்றான். பொய் சொல்கிற பையன் இல்லை. நான் சொன்னது இது: "நாட்டுப்படகு மீனவர்கள் நாளைக் காலை ஆறு மணிக்கு மேல் வடகடலுக்குப் போக வேண்டாம்." பென்டிரைவில் அப்படியே இருக்கிறது. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். என் காதுக்கு 'வேண்டாம்' என்றுதான் கேட்டது. எழுதியவனுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், பாக் நீரிணைப் பக்கம். நாங்கள் அதை வடகடல் என்போம். தீவின் மறுபுறம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடைக்காற்று தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் இதற்கு நேர்மாறு. அதனால் எந்தக் கடல், எத்தனை மணி, போகலாமா கூடாதா என்ற மூன்றும் ஒவ்வோர் அறிவிப்பிலும் இருந்தாக வேண்டும். மைக் செட் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைத் தொழில். காற்று அறிவிப்பை எழுதிப் பதிவு செய்து போடும் வேலையை ஊர்க் கமிட்டி என்னிடம் ஒப்படைத்து மூன்று வருஷம் ஆகிறது.

மைக் செட்காரன் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான். ஏலக்கூடத்துக் கூரைமேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர், கரை முனைக் கம்பத்தில் இன்னொன்று. கம்பத்துக் கூம்பின் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் டயஃப்ரம் ஓரம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. யூனிட்டை மாற்றினேன், பச்சை படிந்த வயர் முனைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முறுக்கினேன். குரல் தெளிந்தது. ஆனாலும் கரையில் நின்று கேட்டால் கடைசிச் சொல் கலங்கித்தான் வந்தது.

இரண்டு கூம்புக்கும் இடையே சங்கிலி பிடித்து அளந்தேன். 120 மீட்டர். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கம்பத்தடியில் நிற்பவனுக்குப் பக்கத்துக் கூம்பின் குரல் உடனே வருகிறது, ஏலக்கூடத்துக் கூம்பின் குரல் மூன்றில் ஒரு நொடி கழித்து வருகிறது. நாம் பேசும் வேகத்தில் அது இரண்டு அசை. 'டாம்' காதில் விழும் அதே நேரத்தில் 'போக' என்பதன் வால் பின்னாலிருந்து வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. இதைச் சரிசெய்வது எளிது. காற்று அறிவிப்பின்போது ஏலக்கூடத்துக் கூம்பை அணைத்துவிட ஒரு தனி சுவிட்ச் வைத்தேன். அரைநாள் வேலை.

கருவிப் பக்கம் இத்துடன் முடிந்தது. கலக்கம் முடியவில்லை.

அடுத்த வாடை நாளில் தண்ணீர் விளிம்பில் நின்று கைபேசியில் அறிவிப்பைப் பதிவு செய்து, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் போட்டு விரித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒலியோடு பிழைத்தவன் நான். இருந்தும் பேச்சின் அலையை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு விஷயம் கண்ணில் பட்டன.

ஒன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. எழுதும்போது இடம் விட்டு எழுதுகிறோம், அதனால் பேசும்போதும் விடுகிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். 'மணிக்குமேல்வடகடலுக்கு' என்று ஒரே கயிறாக ஓடுகிறது. மௌனம் தெரிகிற இடங்கள் சொல்லின் வயிற்றுக்குள் இருக்கின்றன. 'மணிக்கு' என்பதில் 'க்கு' வெடிப்பதற்கு முன்னால் வாய் அடைபட்டு நிற்கிற நேரம் அலையில் வெறும் கோடாகக் கிடக்கிறது. எழுத்து இல்லாத குழந்தைக்கும் இந்தக் கயிற்றை எங்கே வெட்டுவது என்று தெரிந்திருக்கிறதே என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, வாக்கியம் முடிய முடியக் குரல் இறங்குகிறது. 'நாட்டுப்படகு' கனமாக நிற்கிறது. 'வேண்டாம்' அதன் உயரத்தில் பாதிகூட இல்லை. அதிலும் 'டாம்' என்ற கடைசி அசை வாடையின் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடந்தது. செய்தியைச் சொல்லி முடிக்கும்போது மூச்சும் சுருதியும் தானாகத் தாழும், இது பேசுகிற எல்லோருக்கும் உள்ளது. தமிழில் வினை கடைசியில் வரும். போ, போகாதே என்ற தீர்ப்பு வினையின் வாலில் வரும். ஆக, உயிர் போகிற செய்தி முழுவதையும் வாக்கியத்தின் மிக மெலிந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மதுரையில் மொழியியல் படிக்கிற அக்கா மகளிடம் போனில் இதைச் சொன்னேன். "மாமா, அந்த ரெண்டு சொல்லையும் வெட்டி வெட்டிப் போட்டுக் காட்டுங்க, எந்த இடத்துல பிரியுதுன்னு பாருங்க" என்றாள். 1980-இல் பிரான்சுவா குரோஜான் என்ற ஆய்வாளர் செய்து காட்டிய முறையாம் இது. ஒரு சொல்லின் தொடக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் மட்டும் கேட்கவிட்டு, என்ன சொல் என்று கேட்பது. பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டுவது. எந்த வெட்டில் ஆள் சரியாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்வது. ஆடாசிட்டி இருந்தால் யாரும் செய்யலாம். சொல்லைத் தேர்ந்தெடுத்து, நொடியில் இருபதில் ஒரு பங்கு கூட்டிக் கூட்டி எட்டோ பத்தோ துண்டாகச் சேமித்தேன். வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனைக் கை மாற்றிக் கொடுத்தேன்.

பழகிக்கொள்ள முதலில் மீன் பெயர். 'கானாங்கெளுத்தி'. 'கா' என்ற அளவில் வெட்டினால் காத்து, காரல், காலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 'கானா' வந்ததும் கொட்டகையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கானாங்கெளுத்தி என்றார்கள். பாதிச் சொல் இன்னும் வரவே இல்லை. அதே துண்டை வீட்டுக்கு வந்து என் மகனுக்குப் போட்டால், 'கானா பாட்டு' என்றான். ஒரே ஒலிதான், கேட்ட இடம் வேறு. சொல்லின் முதல் ஒலி விழுந்ததும் அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் எல்லாம் மனத்தில் சேர்ந்து எழுந்து நிற்கும், அடுத்தடுத்த ஒலி வர வரப் பொருந்தாதவை உட்கார்ந்துவிடும், கடைசியில் ஒன்று மிஞ்சும் என்று மார்ஸ்லென்-வில்சன் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார் என்று அக்கா மகள் சொன்னாள். கொட்டகையில் அதைக் கண்ணால் பார்த்தேன். சொல் முடியும்வரை யாருமே காத்திருக்கவில்லை.

பிறகு 'வேண்டும்', 'வேண்டாம்'. 'வே' வரைக்கும் வித்தியாசம் இல்லை. 'வேண்' வரைக்கும் இல்லை. 'வேண்ட்' என்று நாக்கு மேலண்ணத்தில் முட்டி நிற்கிற இடம் வரைக்கும்கூட இல்லை. எவரிடம் போட்டுக் காட்டினாலும் பாதிப் பேர் இது, பாதிப் பேர் அது. முட்டிய நாக்கு விடுபட்டபின் வரும் உயிர் எழுத்து ஒன்றுதான் உகரமா ஆகாரமா என்று தீர்ப்புச் சொல்கிறது. கடைசி மகரமும் உதவாது. பேச்சில் நாம் அதை முழுசாக உச்சரிப்பதில்லை, 'வேணும்', 'வேணாம்' இரண்டிலும் மூக்கில் கரைந்துபோகும். 'கானாங்கெளுத்தி'யில் தொலைந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு நீண்ட வால் இருக்கிறது. 'வேண்டாம்' என்பதில் உயிரே வாலில்தான். அந்த ஆகாரத்தைத் தாழ்ந்த குரலில் விழுங்கிச் சொன்னால், காற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது உகரமாகப் போய்ச் சேரும்.

ஆனால் பாதிக்குப் பாதி என்றால் பாதிப் பேருக்காவது சரியாகக் கேட்டிருக்க வேண்டுமே? அந்த இரண்டு வள்ளத்திலும் இருந்த ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி, அதுவும் தவறாகக் கேட்டது எப்படி?

இதற்கு விடை கிடைக்க மூன்று வாரம் ஆனது. அக்கா மகள் ஓர் இருமலைப் பற்றிச் சொன்னாள். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்பவர், பதிவு செய்த வாக்கியம் ஒன்றில் ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்டவர்களுக்குச் சொல் முழுசாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டால் மட்டும் ஒலி விடுபட்டது தெரிந்தது. நானும் செய்து பார்த்தேன். 'வடகடலுக்கு' என்பதில் நடு டகரத்தை எடுத்துவிட்டு, கரையில் பதிந்த காற்றிரைச்சல் துண்டு ஒன்றை வைத்தேன். கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரைச்சலை எடுத்துவிட்டு வெற்றிடமாகப் போட்டதும், "வயர் விட்டு விட்டு வருது, பாருங்க" என்றார் ஒரு பெரியவர்.

அப்படியானால் காற்று ஒலியைத் தின்றுவிட்டுப் போவதோடு நிற்பதில்லை. தின்ற இடத்தைக் கேட்பவனே நிரப்பிக்கொள்கிறான், நிரப்பியது தெரியாமலே. எதைக் கொண்டு நிரப்புவான்? அதுவரை வந்த சொற்களைக் கொண்டும், இத்தனை நாள் கேட்டுப் பழகிய பேச்சைக் கொண்டும். 'ஆறு மணிக்கு மேல்' என்று எங்கள் ஒலிபெருக்கி எப்போதெல்லாம் சொல்கிறது? ஆறு மணிக்கு மேல் டோக்கன் கொடுப்பார்கள். ஆறு மணிக்கு மேல் ஏலம். ஆறு மணிக்கு மேல் ஐஸ் வண்டி வரும். ஒரு தடவைகூட அந்தத் தொடருக்குப் பின்னால் 'கூடாது' வந்ததில்லை. 'ஆறு மணிக்கு மேல்' என்று காதில் விழுந்த உடனேயே அந்தப் பையன்கள் ஆறு மணிக்கு மேல் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். 'வேண்' என்ற அசை வந்தபோது அவர்கள் மனத்தில் வாக்கியம் முடிந்தே போயிருந்தது. மிச்சத்தைக் காற்று தின்றது, அவர்கள் நிரப்பினார்கள்.

அந்தத் தம்பி நான் சொன்னதாக ஒரு வாக்கியத்தையே எடுத்துச் சொன்னானே, அதுவும் இப்போது விளங்கியது. ஜாக்குலின் சாக்ஸ் என்பவர் 1967-இல் செய்த சோதனையில், கேட்ட வாக்கியத்தின் சொல்லமைப்பு சில நொடிகளிலேயே மறந்துபோனது, பொருள்தான் தங்கியது. 'ஆறுக்கு மேல் போகணும்' என்ற பொருள் மனத்தில் தங்கிவிட்டால், பிறகு அதற்கேற்ற சொற்களை மனமே கட்டிக்கொள்ளும். "நல்லா யோசிச்சுச் சொல்லு, என்ன கேட்டது" என்று நான் அவனைத் துருவியதில் ஒரு நியாயமும் இல்லை. அவனிடம் என் சொற்கள் இல்லை. அப்போது அவனிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

கேட்பவர் எவ்வளவு முன்னால் ஓடுகிறார் என்பதை அளக்க ஆசை வந்தது. கண் எங்கே போகிறது என்று பார்ப்பது ஒரு வழி. ஆல்ட்மன், கமிடே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-இல் ஆங்கிலத்தில் செய்தார்கள். 'பையன் தின்னப்போகிறான்' என்ற பொருள்பட வினை வந்ததுமே, படத்தில் இருந்த ஒரே தின்பண்டமான கேக்கின்மேல் கண் போய்விடுகிறது, கேக் என்ற சொல் வருவதற்கு முன்பே. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருவதால் அது முடிகிறது. தமிழில் வினை கடைசியில் அல்லவா? அதற்கு 2003-இல் அவர்களே இன்னொருவரோடு சேர்ந்து ஜப்பானிய மொழியில் செய்த சோதனை இருக்கிறது. ஜப்பானியமும் நம்மைப் போல வினையைக் கடைசியில் வைக்கிற மொழி, நம்மைப் போல வேற்றுமை உருபு ஒட்டுகிற மொழி. 'பரிமாறுகிறவள் வாடிக்கையாளருக்கு' என்ற அளவில், அந்த 'க்கு' வந்ததுமே, கேட்பவர் கண் சாப்பாட்டுப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது. 'வாடிக்கையாளரை' என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் அவ்வளவு திரும்புவதில்லை.

இதை நம் ஊருக்கு மாற்றினேன். அட்டையின் நான்கு மூலையில் நான்கு படம்: ஆத்தா, பேரன், இட்லித் தட்டு, டார்ச். நடுவில் ஓட்டை போட்டு அதன் பின்னால் கைபேசி கேமரா, கேட்பவரின் கண்ணைப் படம் பிடிக்க. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா, ஆக ஒரு படத்துக்கு 33 மில்லி நொடி. ஒலியும் சேர்ந்தே பதிவதால் எந்த அசையில் கண் புரண்டது என்று படம் படமாக நகர்த்திப் பார்க்கலாம். "ஆத்தா பேரனுக்குச் சூடா இட்லி ஊட்டினா" என்பது ஒன்று. "ஆத்தா பேரனைச் சத்தமா இட்லி திங்கச் சொன்னா" என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தில் 'சூடா' முடிவதற்குள் என் சித்தி மகள் கண் இட்லித் தட்டில் இருந்தது. கண்ணைத் திருப்ப மனம் முடிவெடுத்துக் கண் நகர ஏறக்குறைய 200 மில்லி நொடி ஆகும் என்பதால், முடிவு அதற்கும் முன்னால், 'பேரனுக்கு' என்பதன் 'க்கு'விலேயே விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் 'இட்லி' என்று சொன்ன பிறகுதான் போனது. 'சூடா' என்ற சொல்லும் இதில் துணை செய்திருக்கும், அதை நான் சரியாகப் பிரிக்கவில்லை. சோதனை என்று மார்தட்ட முடியாது. ஆனால் ஒரு சின்ன உருபு கண்ணை இழுத்துப் போவதைப் படம் படமாகப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

அறிவிப்புக்குத் திரும்பினால் கணக்குத் தெளிவாகிறது. 'மீனவர்கள்', 'வடகடலுக்கு' என்ற இரண்டும் வந்ததுமே கேட்பவருக்குப் 'போவது' என்ற வினை தெரிந்துபோகிறது. 'போக' என்று நான் சொல்வது அவருக்குப் பழைய செய்தி. புதுச் செய்தி உண்டா இல்லையா என்பது மட்டும். அது முழுக்க ஒரே ஓர் உயிர் எழுத்தில், குரல் அடங்கும் இடத்தில், காற்று வீசும் கரையில்.

மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதலில் 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டுப் 'போகக்கூடாது' போட்டேன். முந்தின வாக்கியத்திலேயே 'காற்று வீசக்கூடும்' இருந்தது. கூடும், கூடாது. அதே பொறி, அதே இடத்தில். அடித்தேன். 'போகாதீங்க' போட்டுப் பார்த்தேன். இதற்கு எதிர் 'போங்க'. இரண்டும் முதல் அசையை அடுத்தே பிரிந்துவிடுகின்றன. அதைவிட, 'போங்க' இரண்டு அசை, 'போகாதீங்க' நான்கு அசை. காற்று எழுத்துகளைக் கலைத்தாலும் நீளத்தைக் கலைக்க முடியாது. வெறும் இரைச்சலோடு கலந்து, சொல்லே விளங்காத அளவில் போட்டுக் காட்டினாலும் கொட்டகையில் நீளத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள். எழுத்துநடையில் 'செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்பது கௌரவமாக இருக்கலாம். கரைக்குப் 'போகாதீங்க'தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதும் தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது. வினையை முன்னால் தூக்கிப் போட்டுப் "போகாதீங்க வடகடலுக்கு" என்று பதிந்தேன். நாடக வசனம் மாதிரி இருந்தது. கமிட்டியில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் இல்லை. பிறகு 'யாரும்' என்று தொடங்கினேன். "யாரும் வடகடலுக்குப் போ..." என்று வெட்டிப் போட்டு, முடித்துச் சொல்லுங்கள் என்றேன். பலர் 'போகாதீங்க', 'போகக் கூடாது' என்றார்கள். ஒருவர் மட்டும் 'யாரும் போகலாம்' என்றார். அவர் சொன்னது தவறில்லை, தமிழில் அப்படிச் சொல்லலாம். ஒருவர் என்றாலும் எனக்கு அது ஒரு வள்ளம்.

வழி காட்டியது பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா. கொட்டகை வாசலில் நின்று நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன் தம்பி இம்புட்டுக் கஷ்டம்? 'ஒருத்தரும்'னு சொல்லு. அதுக்கப்புறம் நீ பேசலைன்னாலும் புரியும்" என்றார். சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை, ஒருத்தரும் போகாதீங்க, ஒருத்தரும் இல்லை. 'ஒருத்தரும் போகணும்' என்று தமிழில் வாய் வராது. அந்த 'உம்' மறுப்பை முன்கூட்டியே கட்டிவைத்துவிடுகிறது. வினை கடைசியில் வந்தாலும் அதன் நிறத்தை முதல் சொல்லிலேயே காட்டிவிட நம் மொழியில் கருவி இருக்கிறது, எனக்குத்தான் கை எட்டவில்லை. பதிந்து, வெட்டிக் கொண்டுபோனேன். "ஒருத்தரும் வடகடலுக்குப் போக வே..." என்று, பழைய 'வேண்டாம்' வாக்கியத்திலேயே, அந்தச் சொல்லை முதல் அசையில் வெட்டினேன். முன்பு பாதிக்குப் பாதி பிரிந்த அதே கொட்டகை, இந்தத் தடவை ஒரே குரலில் "வேண்டாம்" என்றது. ஒலியில் ஒரு துளியும் மாறவில்லை. முன்னால் ஒரு சொல் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது பென்டிரைவில் இருக்கும் அறிவிப்பு இது: "வாடை முறுக்குது. ஒருத்தரும் வடகடலுக்குப் போகாதீங்க. காலைல காத்து இன்னும் ஏறும். ராத்திரி போன வள்ளம் ஆறு மணிக்குள்ள கரைக்கு வந்துருங்க." 'ஆறு மணிக்கு மேல்' போய்விட்டது. ஒவ்வொரு வாக்கியமும் மூச்சுக்கு அடங்குகிற நீளம், நடுவில் ஒரு நொடி இடைவெளி. பதியும்போது வினைச் சொல்லில் குரலைத் தாழவிடாமல் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, பத்துப் பதினைந்து தடவை பதிந்து அழித்தேன்.

இந்த வேலைக்குப் பிறகு மற்ற அறிவிப்புகளையும் சும்மா விட முடியவில்லை. கமிட்டி எழுதித் தந்த ஒன்று: "தலைவர் அடையாள அட்டை வாங்காத மீனவர்களை நாளைக் காலை சந்திப்பார்." வாசித்துப் பாருங்கள். 'வாங்காத' வரைக்கும் கேட்டவருக்கு அட்டை வாங்காதவர் தலைவர். 'மீனவர்களை' வந்த பிறகு மனம் கட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். நம் பெயரெச்சம் தன் சொந்தக்காரனைப் பின்னால் வைத்திருப்பதால் வருகிற சிக்கல் இது. படிப்பவர் கண்ணைப் பின்னால் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்வார், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. திரும்பக் கட்டுகிற அந்த இடைவெளியில் 'நாளைக் காலை' காதைத் தாண்டிப் போய்விடும், எத்தனை மணிக்கு என்று கேட்டு ஆள் வருவார்கள். "அடையாள அட்டை வாங்காத மீனவர்களைத் தலைவர் நாளைக் காலை சந்திப்பார்" என்று மாற்றி வாசித்தேன். ஒரு சொல்லை நகர்த்தியதுதான்.

புது அறிவிப்பு முதல் தடவை ஓடிய இரவு கரையில் நின்றேன். காற்று நன்றாகவே இருந்தது. தோளில் அடிபட்ட அதே தம்பி மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். "வாடை முறுக்குது" என்றபோது நடந்துகொண்டே இருந்தான். "ஒருத்தரும்" என்று வந்தது, நின்றான். 'வடகடலுக்கு' ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டான். 'போகாதீங்க' அவன் முதுகுக்குத்தான் கேட்டது.

அடுத்த வேலை தென்கடல் பக்கம். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாசி எடுக்க மூழ்குகிற அக்காமார் அங்கே. 'ஒருத்தரும்' சொல்லிக்கொடுத்த அக்காவே கேட்டுவிட்டார்: "நாங்க தண்ணிக்குள்ள இருக்கிறப்ப பாதி போயிருது. தலையைத் தூக்குறப்ப எந்தச் சொல்லு வருதோ, அதுதான் எங்களுக்கு அறிவிப்பு. அதுக்கு என்ன செய்யப்போற?" வாக்கியத்தில் எந்த இடத்தில் நுழைந்தாலும் பொருள் கிடைக்கிற மாதிரி எழுத வேண்டும். நான்கே சொல் கொண்ட வாக்கியங்களை விட்டு விட்டு ஓட்டிப் பார்க்கிறேன். அவர் மூழ்கி எழும் நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதைவிட வாக்கியம் நீளக் கூடாது.